டியாக்ராவா, 105-ஆ? காரைக்குடிச் சாலைக்கு எந்த குரூப்செட்

ஷிமானோவின் கிளாரிஸ் குரூப்செட் (கியர், பிரேக் சாமான்களின் தொகுப்பு) போட்ட ரோடு சைக்கிளை இரண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டால் எல்லோருக்கும் கை அரிக்க ஆரம்பிக்கும். 8 வேகம் (பின்னால் 8 பல்சக்கரம்) போதாது, அடுத்ததுக்குப் போகலாம் என்று. ஷிமானோ வரிசையில் கிளாரிஸுக்கு மேலே சோரா (9 வேகம்), அதற்கு மேலே டியாக்ரா (10), அப்புறம் 105 (2018-இல் வந்த ஆர் 7000 என்றால் 11, 2023-இல் வந்த ஆர் 7100 என்றால் 12). சோராவை இங்கேயே கழித்துவிடுகிறேன். ஒரே ஒரு பல்சக்கரம் கூடுவதற்காக லீவர் (கியரும் பிரேக்கும் சேர்ந்த கைப்பிடி), டெரெய்லர் (செயினைப் பல் மாற்றி நகர்த்தும் பாகம்), கேசட் (பின் பல்சக்கர அடுக்கு), செயின் அத்தனையும் மாற்றுவதென்றால், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு டியாக்ராவுக்கே போய்விடலாம்.

ஆகவே போட்டி டியாக்ரா 4700 மாடலுக்கும் 105 ஆர் 7000-க்கும்தான். இதைப் பெங்களூர்க்காரர் நந்தி மலை ஏறுவதற்கு முடிவு செய்வது வேறு, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஓட்டுகிற நாம் முடிவு செய்வது வேறு. நம் ரோடு தட்டை. விடியற்காலையில் கோவிலூர் வழியாகக் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் என்று ஒரு பக்கம். கானாடுகாத்தான் தாண்டி திருமயம் என்று இன்னொரு பக்கம். ஏற்றம் என்று சொல்ல மேம்பாலம்தான் உண்டு. ஆனால் காற்று, வெயில், செம்மண் புழுதி, ஆட்டு மந்தை இவையெல்லாம் தாராளம்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி, எத்தனை கியர் கூடும்? கேசட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்கள் ஒவ்வொரு பல்சக்கரத்திலும் உள்ள பற்கள், 11-28 என்றால் சின்னது 11 பல், பெரியது 28 பல்.

கிளாரிஸ், 8 வேகம், 11-28: 11, 13, 15, 17, 19, 21, 24, 28
டியாக்ரா, 10 வேகம், 12-28: 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28
105, 11 வேகம், 11-28: 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28
105, 12 வேகம், 11-34: 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 24, 27, 30, 34

நடுவில் இருக்கும் 15, 17, 19, 21 நான்கிலும் அப்படியே இருக்கிறது. முன்னால் 50 பல், 25 மி.மீ. டயர், நிமிஷத்துக்கு 90 மிதி என்று கணக்குப் போட்டால் 21-இல் 27 கி.மீ., 19-இல் 30, 17-இல் 33, 15-இல் 38 கி.மீ. வேகம் வரும். நம் ஊர்ச் சமதரையில் முக்கால்வாசி நேரம் கால் இருப்பது இந்த நாலு பல்சக்கரத்தில்தான். அதாவது எவ்வளவு செலவு செய்தாலும், கேசட்டை யோசித்துத் தேர்ந்தெடுக்காவிட்டால், பிள்ளையார்பட்டி போய் வரும்போது கால் உணர்கிற கியர் பழைய கிளாரிஸ் கியர்தான். டியாக்ராவின் 12-28-க்கும் 105-இன் 11-28-க்கும் உள்ள ஒரே வித்தியாசம் அந்த 11 பல். அதை 90 மிதியில் சுழற்றினால் மணிக்கு 51 கி.மீ.க்கு மேல் போகும். திருமயம் ரோட்டில் அந்த வேகம் வேண்டுமென்றால் பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால்தான் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

105 நிஜமாகவே ஜெயிக்கிற இடம் வேறு. அதன் 12-25 கேசட்டில் 15, 16, 17, 18, 19 என்று இடைவெளியே இல்லாமல் வரிசையாக வரும். ஆடி மாசம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றை எதிர்த்துத் திருப்பத்தூர் பக்கம் போகும்போது 17 கனமாக இருக்கிறது, 19 போட்டால் கால் வெறுமனே சுற்றுகிறது என்ற அவஸ்தை இங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதற்கு மருந்து அந்த 18. குழுவாக வேகமாக ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம், தனியாக ஓட்டுபவருக்கு அவ்வளவு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. 12-25 போட்டால் பின் டெரெய்லர் குட்டைக் கூண்டு (செயினைத் தாங்கும் கீழ்ப்பகுதி குட்டையான) வகையாக இருக்க வேண்டும், அது 25-லிருந்து 30 பல் வரைக்கும் செய்தது. நீளக் கூண்டு 28-லிருந்து 34 வரை. அப்புறம் ஒரு நாள் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஏறலாம் என்று ஆசை வந்தால் முன்னால் 34, பின்னால் 34 வேண்டும் என்று முழங்கால் கேட்கும், குட்டைக் கூண்டு அதற்கு இடம் கொடுக்காது. எதற்கு ஓட்டுகிறோம் என்று முடிவு செய்த பிறகே டெரெய்லரை ஆர்டர் போடுங்கள். டியாக்ராவிலும் ஒரு சமாளிப்பு இருக்கிறது. 11-32 கேசட்டில் 14, 16, 18, 20 என்று இரட்டைப்படையாக வரும், காற்றுக்கு அது ஓரளவு தோதாகவே இருக்கிறது, மலைக்கும் 32 கிடைத்துவிடுகிறது.

இனி பணத்துக்கு வருவோம். குரூப்செட் விலையை மட்டும் பார்த்து 105-க்கும் டியாக்ராவுக்கும் வித்தியாசம் இவ்வளவுதானே என்று நினைப்பவர்களைக் கவிழ்ப்பது பின்சக்கர ஃப்ரீஹப் (கேசட் மாட்டும் உருளை). 8, 9, 10 வேகக் கேசட் எல்லாம் ஒரே அகல ஃப்ரீஹப்பில் உட்காரும். 11 வேக ரோடு கேசட்டுக்கு அதைவிட 1.85 மி.மீ. கூடுதல் அகலம் தேவை. உங்கள் சக்கரம் பழைய அகலம் என்றால் 105 போடுவதற்குச் சக்கரத்தையும் மாற்ற வேண்டும், அங்கேதான் பட்ஜெட் வீங்கும். கேசட்டைக் கழற்றிப் பாருங்கள், பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று இருந்தால் உங்களுடையது 11 வேக அகலம், கவலையில்லை. விதிவிலக்கு ஒன்று, ஷிமானோவின் 11 வேக 11-34 கேசட் பழைய அகல ஃப்ரீஹப்பிலும் உட்காரும். ஆனால் சமதரை ஓட்டத்துக்கு 34 பல் கேசட்டை மாட்டிவிட்டு இடைவெளி அதிகம் என்று புலம்புவதில் என்ன லாபம்?

எடையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சில நூறு கிராம். மே மாசம் திருமயம் வரை போக 750 மில்லி பாட்டில் இரண்டு நிரப்பினாலே ஒன்றரைக் கிலோ. அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

பிரேக்தான் அது. தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடி ரோட்டில் காவடியோடு பழனிக்கு நடந்து போகிற நகரத்தார் கூட்டத்துக்கு நடுவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, கியரை விட பிரேக் முக்கியம் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) வண்டியில் கிளாரிஸ் காலிப்பரிலிருந்து (விளிம்பை அழுத்தும் பிடியிலிருந்து) 105 காலிப்பருக்குப் போவது ஒரே நாளில் தெரிகிற முன்னேற்றம், லீவரை அதே அளவு அழுத்தினாலும் வண்டி முன்னதாக நிற்கும். நல்ல செய்தி என்னவென்றால் 105 காலிப்பரை டியாக்ரா லீவரோடும் சேர்த்துப் பூட்டலாம், 28 மி.மீ. டயருக்கும் அதில் இடம் உண்டு. பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர் கேட்டால் என் பதில், இந்த வருஷம் 105 காலிப்பரும் நல்ல 28 டயரும் போடுங்கள் (ஃப்ரேம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு), குரூப்செட்டை அடுத்த வருஷம் பார்க்கலாம்.

லீவரைக் கையில் பிடித்துப் பார்த்தால் 105 ஒரு படி மேல், அதில் சந்தேகமில்லை. தள்ள வேண்டிய தூரம் குறைவு, க்ளிக் சுத்தமாக விழும். முன் டெரெய்லரிலேயே கேபிளை இறுக்கும் திருகு இருப்பதால் அதைச் சரிசெய்வதும் சுலபம். டியாக்ரா அதற்கு ரொம்பப் பின்னால் இல்லை. கியர் கேபிள் ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் ஓடுவது 2015-லேயே டியாக்ராவுக்கு வந்துவிட்டது. 2017 கிளாரிஸிலும் அது இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதற்கும் முந்தைய, கேபிள் துணிக்கொடி மாதிரி வெளியே தொங்குகிற கிளாரிஸ் என்றால் மாற்றுவதற்குக் காரணம் கூடுகிறது.

பராமரிப்பில் டியாக்ராவுக்கே என் ஓட்டு. ஆத்தங்குடிப் பக்கத்துச் செம்மண் செயினில் ஏறினால் எண்ணெயோடு சேர்ந்து உப்புத்தாளாக மாறிப் பல்லைத் தேய்க்கும், மழை முடிந்த கார்த்திகையில் இன்னும் மோசம். 10 வேகச் செயினை 0.75 சதவீதம் நீளும் வரை ஓட்டலாம் என்பது பொதுவான கணக்கு. 11, 12 வேகம் என்றால் 0.5-லேயே மாற்றச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கேசட்டும் கூடவே போகும், அதன் விலையும் அதிகம். 105 லீவருக்குள் கேபிள் கூர்மையாக வளைந்து போவதால் தலைப் பக்கம் இழை பிரிகிறதா என்று அடிக்கடி பார்த்து, வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. அறுந்த தலை உள்ளே சிக்கினால் அதை எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

உள்ளூர்க் கடைகளைக் குறை சொல்ல மாட்டேன், கோட்டம் எடுப்பதிலும் பால்ரஸ் மாற்றி ஓவராயில் செய்வதிலும் அவர்கள் கை சுத்தம். ஆனால் 11 வேகச் செயின் கேட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ போகச் சொல்வார்கள், இரண்டுமே ஏறத்தாழ 90 கி.மீ. வேடிக்கை என்னவென்றால், ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் செய்த டிஐ சைக்கிள்ஸை 1949-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் இதோ இந்தப் பள்ளத்தூர்தான்.

12 வேக 105-ஐ ஏன் போட்டியிலேயே சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அது ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு (ஆயில் அழுத்தத்தில் சக்கரத் தட்டைப் பிடிப்பது) மட்டுமே செய்தது. ரிம் பிரேக் ஃப்ரேம் வைத்திருப்பவருக்கு அங்கேயே கதவு மூடிவிடுகிறது. டிஸ்க் ஃப்ரேம் என்றால் போடலாம், அதன் கேசட் 11 வேக ஃப்ரீஹப்பிலேயே உட்காரும். ஆனால் லீவர், காலிப்பர், குழாய், ஆயில் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், பழைய வண்டியை விற்றுவிட்டு அது பூட்டியே வருகிற புது வண்டி வாங்குவது புத்திசாலித்தனமாகத் தெரியும். பேட்டரியில் ஓடும் 105 டிஐ2, ஸ்ராம் கம்பெனியின் ரைவல் இரண்டும் அருமையான சாமான்கள். நடுத்தர பட்ஜெட் என்ற பேச்சுக்குள் அவை அடங்காது.

பழைய சாமான் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 10 வேகம் என்று எழுதியிருப்பதால் எல்லாம் ஒன்றோடொன்று சேராது. டியாக்ரா 4700-இன் கேபிள் இழுப்பு (ஒரு க்ளிக்குக்கு லீவர் கேபிளை இழுக்கும் அளவு) அதற்கு முந்தைய 4600, 105 5700 இவற்றிலிருந்து மாறிவிட்டது. யாராவது 4600 லீவரையும் 4700 டெரெய்லரையும் ஜோடியாகக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள், எத்தனை முறை சரிசெய்தாலும் கியர் குதித்துக்கொண்டே இருக்கும். கிராங்கை (பெடல் பூட்டும் முன் பல்சக்கரத் தொகுதியை) மட்டும் பழையதாகவே வைத்துக்கொள்ளலாம். 8 வேகக் கிராங்கில் 10 வேகச் செயின் பெரும்பாலும் ஓடிவிடும், முன்னால் மாற்றும்போது கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான்.

என் முடிவு இது. பழைய அகல ஃப்ரீஹப், ரிம் பிரேக், தனியாகவோ இரண்டு பேராகவோ வார இறுதி ஓட்டம் என்றால் டியாக்ரா 4700, கேசட் 11-32, நீளக் கூண்டு, பிரேக் மட்டும் 105. சக்கரம் ஏற்கெனவே 11 வேக அகலம், குழுவில் மணிக்கு 32, 33 கி.மீ. என்று இழுக்கிறவர், மலைப் பக்கம் போகப்போவதில்லை என்றால் 105 ஆர் 7000, 12-25, குட்டைக் கூண்டு. 105 வாங்கி 11-28 போடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கிறது, இருப்பதிலேயே அர்த்தம் குறைந்த தேர்வு அதுதான் என்பேன்.

எது வாங்கினாலும் அதோடு புது உள்கேபிள், வெளியுறை, பார் டேப், செயின் இணைப்பு, கேசட் கழற்றும் சாவி இவற்றையும் ஒரே ஆர்டரில் போட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பாதியில் கழற்றி வைத்த பிறகு இதில் எதுவும் இங்கே கிடைக்காது.