பில்லில் ஒரு எண்ணெய், எஞ்சினில் வேறு எண்ணெய்: டர்போ கார் வைத்திருக்கும் குமரிக்காரர்கள் கவனத்துக்கு

நாகர்கோவிலில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். அடுத்தவர் பில்லில் ஓட்டை கண்டுபிடித்துத்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அப்படிப்பட்டவனையே ஒரு பில்லைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பணிமனையின் பெயரைக் கேட்காதீர்கள். நம் மாவட்டத்துக்குள்தான். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியாமல் பெயர் என் வாயிலிருந்து வராது.

வண்டி ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், மூன்று சிலிண்டர், நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீச்சும் வகை. 2021-ல் வாங்கியது. தினமும் தக்கலையிலிருந்து வில்லுக்குறி, சுங்கான்கடை, பார்வதிபுரம் பாலம் வழியாக நாகர்கோவில் போய் வருவது. வாரன்டி முடிந்ததும் கம்பெனி சர்வீஸை விட்டுவிட்டேன். செலவும் அதிகம், தேதி கிடைக்கவும் தவம் கிடக்க வேண்டியிருந்தது. கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் இந்த இடத்தைச் சொன்னார். போய்ப் பார்த்தால் ஏசி போட்ட காத்திருப்பு அறை, கண்ணாடிச் சுவர், சுவரில் பெரிய திரை. ஆள் மயங்குவதற்கு இது போதும்.

முதலாளி ஒரு நாலு லிட்டர் டின்னைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். சீல் உடையவில்லை. "பாத்துக்கிடுங்க சாரே, ஃபுல் சிந்தெடிக், ஒரிஜினல் சாதனமாக்கும். உங்க புக்குல சொன்ன அதே 5டபிள்யூ-30." நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெட்ரோல் எஞ்சின் எண்ணெய்க்கான ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறி போட்டிருந்தது. தயாரித்த மாதம், விலை எல்லாம் சரி. டின்னை ஒரு பையன் உள்ளே எடுத்துக்கொண்டு போனான். நான் டீ குடிக்க உட்கார்ந்தேன். அந்த டின் அதற்குப் பிறகு என் வண்டிப் பக்கம் போனதா என்று நான் பார்க்கவில்லை. செய்த முதல் தவறு அதுதான்.

பில்லில் எண்ணெய்க்கு மட்டும் 3,560 ரூபாய். ஃபில்டர், கூலி, "மற்றவை" தனி. ஒவ்வொரு வரியையும் கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

சந்தேகம் வந்தது மைலேஜில். லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 15-க்குக் கீழே இறங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் கரகரவென்று ஒரு சத்தம் கேட்பதாக எனக்குப் பட்டது. இதை நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன், சந்தேகம் வந்தவன் காதில் எதுவும் கேட்கும். தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். டிப்ஸ்டிக்கை உருவி, விரலில் எண்ணெயைத் தேய்த்து, மூக்கில் வைத்துப் பார்த்து, "நல்ல எண்ணெதான், கட்டியா கெடக்கு" என்றார். விரல் சோதனை, டிஷ்யூ பேப்பரில் சொட்டு விடுவது, கறுத்துவிட்டதா என்று பார்ப்பது, இதெல்லாம் நம்மூரில் பெரிய வித்தை. கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெய் இல்லை. அழுக்கைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அதன் வேலைதான். எந்த எண்ணெய் என்று விரலுக்குத் தெரியாது.

வழி காட்டியது என் மச்சினன். அவனுக்கு முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பில் வேலை. "அத்தான், எங்க கியர்பாக்ஸ் எண்ணெயை இறக்கி மாத்தணும்னா பெரிய சோலி. அதனால சும்மா மாத்த மாட்டோம். சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பிப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவோம். உங்க வண்டி எண்ணெயையும் அனுப்புங்க" என்றான். கார் எண்ணெயை லேபுக்கு அனுப்புவதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ரத்தப் பரிசோதனை மாதிரித்தான் என்றான்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே, டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய ட்யூபை விட்டு, கைப்பம்பால் ஒரு சுத்தமான குப்பியில் 100 மில்லி எடுத்தோம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைக் கழுவி அதில் எடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு அவன் முறைத்த முறை இன்னும் நினைவிருக்கிறது. அதில் ஒட்டிய தூசியே அறிக்கையைக் கெடுத்துவிடுமாம். அவன் சொல்லி இன்னொன்றும் செய்தேன். அதே பிராண்ட், அதே கிரேடு எண்ணெயைக் கம்பெனியின் நேரடி விநியோகஸ்தரிடம் ஒரு லிட்டர் வாங்கி, புதிதாகவே ஒரு சாம்பிள் எடுத்து அதையும் சேர்த்து அனுப்பினேன். செலவு இரட்டிப்பானது. ஆனால் அந்த இரண்டாவது குப்பி இல்லாவிட்டால் இந்தப் பதிவே இல்லை.

அறிக்கை வந்ததும் எனக்குச் சந்தோஷம். ஏனென்றால் நான் முதலில் பார்த்தது தேய்மான உலோகங்களை. இரும்பு 14 பிபிஎம் (பத்து லட்சத்தில் 14 பங்கு), செம்பு 4, அலுமினியம் 5, சிலிக்கான் 11. அதாவது சிலிண்டர், பேரிங், பிஸ்டன் எதுவும் அரிக்கப்படவில்லை, ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசியும் வரவில்லை. சோடியம் 6. குளச்சல் பக்கம் அடிக்கடி போகிறவன் என்பதால் உப்புக்காற்று எஞ்சினுக்குள் இறங்கியிருக்குமோ என்று வேறு பயந்திருந்தேன். மச்சினன் சிரித்தான். சோடியமும் பொட்டாசியமும் ஏறினால் முதலில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம், கடலைத் தேடிப் போகாண்டாமாம். அறிக்கையை ஃபைலில் சொருகப் போனேன். "அத்தான், தேய்மானத்தை விடுங்க, இது என்ன எண்ணென்னு முதல்ல பாருங்க" என்று கையைப் பிடித்தான்.

100 டிகிரியில் பாகுநிலை, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை, என் வண்டி எண்ணெய்க்கு 14.3. புதிய டின் எண்ணெய்க்கு 10.9. அலகு சென்டிஸ்டோக். 5டபிள்யூ-30 என்பதில் அந்த 30 என்ற எண்ணுக்கு அர்த்தமே 100 டிகிரியில் பாகுநிலை 9.3-க்கும் 12.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதுதான். 12.5-லிருந்து 16.3-க்குள் இருந்தால் அது 40. வண்டி அந்த எண்ணெயில் ஓடியது வெறும் 1,900 கிலோமீட்டர். என்னுடையதைப் போன்ற எஞ்சினில் குறுகிய ஓட்டத்தில் கொஞ்சம் பெட்ரோல் எண்ணெயில் கலக்கும். கலந்தால் எண்ணெய் நீர்க்கும், கெட்டியாகாது. அவ்வளவு குறைந்த தூரத்தில் 30 எண்ணெய் 40 ஆவதற்கு வழியே இல்லை. ஊற்றும்போதே அது 40.

அடுத்தது சேர்மானங்கள், அதாவது எண்ணெயில் கம்பெனி கலக்கும் ரசாயனங்கள். இங்கேதான் ஆள் அகப்பட்டான். புதிய டின்னில் பாஸ்பரஸ் 770 பிபிஎம், கால்சியம் 1,250, மெக்னீசியம் 760, மாலிப்டினம் 80. என் எஞ்சினிலிருந்து எடுத்ததில் பாஸ்பரஸ் 1,160, கால்சியம் 2,900, மெக்னீசியம் 60, மாலிப்டினம் 7. பெட்ரோல் கார்களுக்கான 30 கிரேடு எஸ்பி எண்ணெயில் பாஸ்பரஸை 800-க்குள் அடக்கி வைத்திருப்பார்கள், அது புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால். அமிலத்தை முறிக்கும் சக்தியைச் சொல்லும் டிபிஎன் என்ற எண், ஓடித் தேய்ந்த என் எண்ணெயில் 8.9. புதிய டின்னில் 7.6. ஓட ஓடக் குறைய வேண்டியது, ஓடினதில் கூடுதலாக இருக்கிறது! கணக்குப்பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முதலே இல்லாத கணக்கில் லாபம் காட்டியிருக்கிறார்கள். மெக்னீசியமும் மாலிப்டினமும் கொஞ்சம் தெரிந்தது, பழைய சர்வீஸ் எண்ணெயில் இறங்காமல் எஞ்சிய மிச்சம். மற்றபடி இந்தச் சேர்மானம் லாரி, பஸ், டிராக்டருக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 டீசல் எண்ணெயினுடையது. டிரம்மில் வருவது, லிட்டர் விலை பாதிகூட வராது.

"டீசல் எண்ணெய் ஊற்றினால் என்ன, எஞ்சின் தேயவில்லையே" என்று நீங்கள் கேட்கலாம். முதலாளியும் அதையேதான் கேட்டார். "நம்ம ஊரு சூட்டுக்குக் கட்டி எண்ணெதான் சாரே நல்லது, எஞ்சினுக்கு ஒண்ணும் வராது, பயப்படாண்டாம்." பாதி உண்மை இதில் உண்டு என்பதால் பொறுமையாகச் சொல்கிறேன். 15டபிள்யூ, 5டபிள்யூ என்ற முன்பாதி கடுங்குளிரில் அளப்பது. ஒன்றை மைனஸ் 20 டிகிரியிலும் மற்றதை மைனஸ் 30-லும் சோதிப்பார்கள். திற்பரப்பு அருவி உறைகிற அன்றைக்குத்தான் நமக்கு அது பெரிய கவலை. ஊர்ச் சூடும் கணக்கில் இல்லை. எஞ்சின் சூட்டைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ ஒரே நிலையில் வைத்திருக்கிறது, வெளியே ஆனிச் சாரலா பங்குனி வெயிலா என்று அதற்குத் தெரியாது. சில எஞ்சின்களுக்குக் கம்பெனியே 40 கிரேடும் ஊற்றலாம் என்று கையேட்டில் சொல்கிறது. ஆகவே கெட்டி என்பது மட்டும் குற்றமில்லை.

குற்றம் கால்சியத்தில் இருக்கிறது. சின்ன டர்போ எஞ்சினில், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை ஏறுகிற மாதிரி இடத்தில், கியரைக் குறைக்காமல் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஆக்சிலேட்டரை அமுக்குகிறோம் இல்லையா, அப்போது சிலிண்டருக்குள் ஒட்டியிருக்கும் எண்ணெய்த் துளி, பிளக் பொறி விடும் முன்பே தீப்பிடிக்கலாம். சுத்தியலால் அடித்தது போல் ஒரு அடி. மோசமானால் ஒரே அடியில் பிஸ்டனே உடையும். கால்சியம் கூடின எண்ணெயில் இது அதிகம் நடக்கிறது என்று கண்டுபிடித்துத்தான் 2018-ல் எஸ்என் பிளஸ், 2020 மே மாதம் எஸ்பி என்று புதிய தரங்களைக் கொண்டு வந்தார்கள். கால்சியத்தில் பாதியை எடுத்துவிட்டு மெக்னீசியம் சேர்ப்பது அதற்காகத்தான். இந்தக் கோளாறு எந்த இரும்புக் கணக்கிலும் முன்கூட்டித் தெரியாது. நடக்கும் வரை நடக்காது, நடந்தால் பில் லட்சத்தில் வரும். டர்போ தண்டு வேறு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல், வெறும் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. பக்கத்திலேயே புகையின் கொதி. சாதா எண்ணெய் அங்கே கருகிக் கரியாக ஒட்டும். வண்டியை நிறுத்தியவுடன் ஆஃப் செய்யாமல் கொஞ்சம் ஐட்லிங்கில் விடச் சொல்வது இதற்குத்தான்.

டர்போ டீசல்காரர்களுக்கு வேறு வகை நஷ்டம். பிஎஸ்6 வண்டிகளில் புகை வடிகட்டி இருக்கிறது. தவறான எண்ணெயின் சாம்பல் அதில் படிந்தால், கரியைப் போல எரித்துத் தள்ள முடியாது. படிந்தது படிந்ததுதான்.

அறிக்கையை மேசையில் வைத்தபோது முதலாளி முதலில் சிரித்தார். பொறவு, "ஆரோ உங்களைக் குழப்பி விட்டிருக்காங்க" என்றார். பொறவு, பழைய எண்ணெயின் மிச்சம் கலந்திருக்கும் என்றார். மிச்சம் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம், அதுவும் அதே 5டபிள்யூ-30, பத்தில் ஒன்று மற்ற ஒன்பதை மாற்றாது என்றேன். கடைசியில், இலவசமாக எண்ணெய் மாற்றித் தருகிறேன், இதை எங்கேயும் எழுதாண்டாம் என்றார். எந்த டிரம்மிலிருந்து என்று கேட்டேன். அதோடு பேச்சு முடிந்தது. ஃபில்டரை மட்டும் உண்மையாகவே மாற்றியிருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் செய்த இன்னொரு பிழை, முதல் சாம்பிளை வீட்டு முற்றத்தில் மச்சினனோடு எடுத்தது. வழக்கு என்று வந்தால் "நீயே எதையோ ஊற்றி அனுப்பினாய்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வக்கீல் சொன்ன பிறகு, வேறொரு பணிமனையில் இரண்டு பேர் முன்னிலையில், கிலோமீட்டர் காட்டும் படத்தோடு, எண்ணெய் முழுவதையும் இறக்கிச் சீல் வைத்துக் கையெழுத்து வாங்கினேன். தேவையென்றால் ஆணையமே சாம்பிளை லேபுக்கு அனுப்பலாம். சந்தேகம் வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் பேசுங்கள். மனுவுக்கு இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் உள்ள விஷயத்துக்குக் கட்டணமும் இல்லை.

எந்த எண்ணெய் நல்லது என்று தெரிந்துகொள்ள லேபுக்கு ஓடாதீர்கள். இரண்டு பேர் அறிக்கையை வைத்துக்கொண்டு "உனக்கு இரும்பு 14, எனக்கு 9, என் பிராண்ட் ஜெயித்தது" என்று பேசுவதில் பொருளே இல்லை. ஓட்டுகிற பாதை, ஓட்டுகிற கால், எண்ணெய் ஓடிய தூரம் எல்லாம் வேறு வேறு. அந்தச் சோதனைக்கு ஏழெட்டு மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் சரியாகத் தெரியவும் தெரியாது. எண்ணெயைத் தேர்ந்தெடுக்கக் கையேட்டில் உள்ள தரக்குறி போதும். ஊற்றியது அதுதானா என்று பார்க்கவும், ஒரே வண்டியில் வருடா வருடம் போக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கவும்தான் லேப்.

இப்போது எண்ணெயை நானே வாங்கிக்கொண்டு போகிறேன். சீலை நானே உடைக்கிறேன், கடைசிச் சொட்டு விழும் வரை பானட் பக்கத்திலேயே நிற்கிறேன். டீயும் அங்கேயே வரும். காலி டின்னையும் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியால் நாலு ஓட்டை போட்டுத்தான் பழைய சாமானில் சேர்க்கிறேன். போன வாரம் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர்க்காரர் வந்தார். டின்னைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி ஓட்ட போட்டீங்க? மூடியோட முழுசா இருந்தா இருபது ரூவா கூடத் தருவேனே" என்றார்.