கரண்ட் வைத்த தோலுக்குக் கற்றாழையா, மஞ்சளா, காலெண்டுலாவா?

மார்பகப் புற்றுநோய்க்காகச் சித்திக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கி (எங்கள் பக்கத்தில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள்) மூன்றாவது வாரம், அக்குள் மடிப்பு கறுத்துத் தோல் உரிய ஆரம்பித்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் கற்றாழை மடலையே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கதிர், தோலின் அடியடுக்கில் புதுச் செல்களைப் பிறப்பிக்கும் செல்களைக் கொல்கிறது. மேல்தோல் உதிர உதிர ஈடுகட்ட ஆளில்லை. அதனால்தான் புண் இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைகாட்டி, சிகிச்சை முடிந்த பிறகும் ஓரிரு வாரம் முற்றி, பிறகு தானாகவே ஆறத் தொடங்குகிறது. ஆறும் சமயத்தில் எதைத் தடவியிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

கற்றாழை தடவினால் குளிர்ச்சியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் 225 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் ஒப்பிட்டு 2002இல் வெளியான ஆய்வில், தோல் உரிவதையும் வலியையும் குறைப்பதில் கற்றாழை ஜெல்லைவிடச் சாதாரண ஈரப்பதக் களிம்பே முந்தியது. வீட்டு மடலில் வேறொரு தொல்லை: வெட்டியதும் வழியும் மஞ்சள் பால் நல்ல தோலையே அரிக்கவைக்கும்.

மஞ்சளின் கதை நீளம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளை மாத்திரையாகத் தந்து அமெரிக்காவில் 30 பேரிடம் செய்த ஆய்வு 2013இல் நம்பிக்கை கொடுத்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. மங்களூரில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 50 பேரிடம் மஞ்சளும் சந்தன எண்ணெயும் சேர்ந்த கிரீம், குழந்தைகளுக்கான எண்ணெயைவிட நன்றாக வேலைசெய்தது. சின்ன ஆய்வு, அதுவும் கடைக் கிரீமைப் பற்றியது. அம்மியில் அரைத்த விழுதுக்கு இதைச் சாட்சி சொல்லக் கூடாது. விழுது காய்ந்தால் இழுக்கும், கிருமி சேரும், சிவப்பை மறைக்கும். கழுவித் தேய்க்கும்போது கதிர் செலுத்தப் போட்ட மை அடையாளமும் அழியும்.

காலெண்டுலா என்பது மஞ்சள், ஆரஞ்சு நிறப் பூ பூக்கும் மூலிகைச் செடி; பூக்கடைச் செண்டுமல்லி அல்ல. அது வேறு செடி. பிரான்சில் 254 பெண்களிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், காலெண்டுலா களிம்பு பூசியவர்களில் 41 சதவீதத்தினருக்கும், அங்கே அப்போது வழக்கமாகத் தந்த ட்ரோலமைன் என்ற களிம்பைப் பூசியவர்களில் 63 சதவீதத்தினருக்கும் நடுத்தர அல்லது கடுமையான பாதிப்பு வந்தது. மூன்றில் வலுவான எண் இதுதான். பிசுபிசுவென்று ஒட்டுகிறது, பூசச் சிரமம் என்ற புகாரும் உண்டு. பின்னர் ஸ்வீடனில் சாதாரண கிரீமுடன் ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், தோல் உடையாதவரை, மருத்துவர் சம்மதித்தால், காலெண்டுலா. எரிச்சலுக்கு மட்டும் கடைக் கற்றாழை ஜெல். மஞ்சள் விழுது வேண்டவே வேண்டாம். இவற்றைவிட உறுதியான சான்று மருத்துவர் எழுதித்தரும் மொமெட்டசோன் ஸ்டீராய்டு கிரீமுக்கு உண்டு. எதுவானாலும் மெல்லியதாகப் பூச வேண்டும். கதிர் வைக்கும் நேரத்தில் தடிமனாக அப்பியிருந்தால் மேல்தோலுக்குப் போகும் அளவு கூடும். நீர் கசிந்தால் கைவைத்தியம் அங்கேயே நிற்க வேண்டும்.

சித்தி, மருத்துவர் தந்த கிரீமோடும் தளர்வான பருத்தி ரவிக்கையோடும் சமாளித்தார். அந்தக் கற்றாழை மடல் இரண்டு நாள் சமையல் மேடையில் கிடந்தது. பிறகு சித்தப்பா எடுத்துத் தன் தலையில் தேய்த்துக்கொண்டார்.