பாட்காஸ்ட் பேச்சை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்தினேன்

ஆறு வருஷமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதயத் துடிப்பையும் அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை. போன மாதம் அதை நானாகவே நிறுத்தினேன். காரணம், பல லட்சம் பேர் கேட்கும் ஒரு பாட்காஸ்ட்.

அன்று வந்த விருந்தினர், "பிரஷர் மாத்திரை எல்லாம் கம்பெனிகளின் வியாபாரம். பதினைந்து நாள் நிறுத்திப் பாருங்கள், உடம்பு தானே சரியாகிவிடும்" என்றார். தொகுப்பாளர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "இனி நானே மாத்திரை பக்கம் போகமாட்டேன்" என்றார். அந்த ஒரு வரிதான் என்னைச் சாய்த்தது. விருந்தினர் யாரென்றே எனக்குத் தெரியாது. தொகுப்பாளரின் குரலோ நாலு வருஷமாக நடைப்பயிற்சியில், சமையலறையில், தூக்கம் வராத இரவுகளில் காதோடு இருந்த குரல். கூடப் பிறந்தவர் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் தொகுப்பாளர் அதே விருந்தினரின் மூலிகைப் பொடிக்குத் தள்ளுபடிக் குறியீடும் வாசித்தார்.

ஐந்தாம் நாள் இரவு நெஞ்சு படபடவென்று அடித்தது. கை நடுங்கியது, சட்டை நனைந்துவிட்டது. அவசரச் சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள்?" பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறலாம், மாரடைப்பு வரைகூடப் போகலாம். நிறுத்துவதானால் டாக்டர் சொல்லி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மருந்தோடு மடித்து வரும் தாளிலேயே இது இருக்கிறது. தொகுப்பாளர் அதைப் பிரித்துப் படித்திருந்தால் போதும்.

அந்த நிகழ்ச்சிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "அது விருந்தினரின் சொந்தக் கருத்து. மருத்துவ ஆலோசனை அல்ல என்று குறிப்பில் போட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தேன். பொடிக்கான இணைப்புகளுக்கும் கீழே, 'மேலும்' என்பதை அழுத்தினால்தான் தெரிகிற இடத்தில் இருந்தது. மூன்று மணி நேரப் பேச்சில் வாயால் ஒருமுறை சொல்லவில்லை. காதால் கேட்பவர் அதை எங்கே போய்ப் படிப்பார்?

2022 ஜனவரியில் அமெரிக்கப் பாட்காஸ்ட் தொகுப்பாளர் ஜோ ரோகனின் நிகழ்ச்சியில் கொரோனா பற்றி வந்த தவறான தகவல்களை எதிர்த்து, மருத்துவர்களும் அறிவியல் துறையினருமாக 270 பேர், அதை வெளியிட்ட ஸ்பாட்டிஃபை நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். சர்ச்சைக்குரிய விருந்தினரை அடுத்து மாற்றுக் கருத்துள்ள நிபுணரை அழைக்க முயல்வதாக ரோகன் அப்புறம் சொன்னார். சரி, ஆனால் கேட்ட அன்றே மாத்திரையை நிறுத்துகிறவருக்கு அடுத்த நிகழ்ச்சியில் வரும் நிபுணரால் என்ன பயன்? மறுகேள்வியை அந்த நிமிடமே தொகுப்பாளர் கேட்டிருக்க வேண்டும்.

நான் மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டேன். அந்தப் பேச்சு இன்னும் திருத்தப்படாமல் அப்படியே கேட்கக் கிடைக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி எதையாவது கேட்டு மாத்திரை டப்பாவை ஒதுக்கி வைத்திருந்தால், இன்றே டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.