ஆறு மாதத்து நாட்டுக்கோழி என்றார்கள்: மலையகத்தில் கோழி வாங்கப் போகிறவர்களுக்கு

சம்பளம் போட்ட வாரத்தில் சின்ன லொறியில் நாட்டுக்கோழி கொண்டுவந்து விற்கிறவர்களிடம் வாங்க நினைத்திருப்பவர்கள், காசை எண்ணும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் 12 கோழி வாங்கி 22,800 ரூபாயைத் தொலைத்தேன். அது போகட்டும், உழைத்துச் சேர்த்துவிடலாம். அந்தப் பன்னிரண்டும் வந்த இரண்டு வாரத்துக்குள் அம்மாவின் கோழிகள் போய்விட்டன. அதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, பிரிந்து வந்து ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீடு. பின்னால் குத்தகைக்கு எடுத்த துண்டில் கரட், லீக்ஸ், கொஞ்சம் கோவா. அம்மா கொழுந்து பறித்த காலத்திலிருந்தே கோழி வளர்க்கிறவர். தீவனம் என்று காசு கொடுத்து ஒன்றும் வாங்கமாட்டார். காலையில் ஒரு கைப்பிடி குறுணல், மத்தியானம் சோற்றுப் பருக்கையும் கீரைத் தண்டும், மிச்சத்தை அதுகளே தேடிக்கொள்ளும். சாணக் குப்பையைக் கிளறும், தேயிலைக்கு அடியில் மண் குளிக்கும், இருட்டும் முன் யாரும் விரட்டாமலே கூட்டுக்குள் போய்க் கம்பில் ஏறிவிடும். ஏழு பெட்டை, ஒரு சேவல், ஒரு பெட்டையின் பின்னால் ஒன்பது குஞ்சு. இதுதான் எங்கள் பண்ணை.

நாட்டுப் பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அப்புறம் 21 நாள் அதன் பக்கம் போகமுடியாது, குஞ்சு பொரித்த பிறகும் பல வாரம் முட்டை கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் முட்டை எப்போதும் பற்றாக்குறை. பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லை. சீட்டுக் காசு கைக்கு வந்ததும் கோழியைக் கூட்டலாம் என்று நினைத்தது நான்தான். "இருக்கிறத அடை வச்சே பெருக்கலாம், என்னா அவசரம்?" என்றார் அம்மா. எனக்கு அவசரமாகத்தான் இருந்தது.

பெப்ரவரி, பத்தாம் திகதிச் சம்பளம் முடிந்து வந்த ஞாயிறு. மாலை ஐந்தரை இருக்கும், மூடுபனி ரோட்டுவரை இறங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் "ஊர்க்கோழி, நாட்டுக்கோழி, ஆறு மாசத்துப் பெட்டை" என்று கத்திக்கொண்டு லொறி வந்து நின்றது. காலையில் வந்திருக்கலாம், மத்தியானம் வந்திருக்கலாம். கோழியின் முகம் சரியாகத் தெரியாத நேரம் பார்த்து வந்தது தற்செயல் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பேச்சு நல்ல பேச்சு. "எல்லாம் மொனராகலைப் பக்கம் வீடு வீடாச் சேர்த்தது அக்கா. ஊசி போட்டிருக்கு. அடுத்த வாரமே முட்டையில உக்காந்துடும்." பிளாஸ்டிக் கூடைகளில் செங்கபில நிறத்தில் கொழுகொழு என்று இருந்தன. ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார்கள். தலைகீழாகத் தொங்கும் கோழியின் வயிறும் இறகும்தான் கண்ணில் படும், தலையை யார் பார்க்கிறார்கள்? நானும் நிறத்தைப் பார்த்தேன், கையில் பாரத்தைப் பார்த்தேன். ஒன்று 1,900 ரூபாய். பில் கேட்டதற்கு, ஒரு துண்டுக் காகிதத்தில் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "ஏதும்னா கூப்பிடுங்க, மாத்தித் தாறோம்" என்றார்கள். அப்போதிருந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயில் கணக்குப் பார்த்தால், பதினேழு நாள் மலையேறிக் கொழுந்து பறித்த காசு அந்தத் துண்டுக் காகிதத்துக்குப் போனது.

மறுநாள் காலை கூட்டைத் திறந்தபோது அம்மாவின் கோழிகள் வழக்கம்போலப் பறந்து வெளியே விழுந்தன. புதிதாக வந்தவை வெளியே வரவில்லை. தூக்கி வெளியே விட்டால், விட்ட இடத்திலேயே நின்றன. குப்பையைக் கிளறத் தெரியவில்லை. புழுவை எடுத்துப் போட்டால் பயந்து பின்னால் போயின. பருந்து நிழல் விழுந்ததும் சேவல் குரல் கொடுக்க, எங்கள் கோழிகள் ஒரு நொடியில் செடிக்குள் மறைந்தன. இவை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. இரவு கம்பில் ஏறவில்லை, குளிரில் தரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன. தூக்கிக் கம்பில் வைத்துப் பார்த்தோம். அதிலிருந்து குதித்த ஒன்றுக்குக் கால் முறிந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை அந்தக் கம்பு.

அம்மாதான் முதலில் ஒன்றைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "இங்க பாரு, சொண்ட வெட்டியிருக்காங்க." மேல் சொண்டு நுனியில்லாமல் மொட்டையாக, கீழ்ச் சொண்டு அதைவிட நீண்டு. பன்னிரண்டுக்கும் அப்படியே. வீட்டு முற்றத்தில் வளர்ந்த கோழிக்கு யாரும் சொண்டு வெட்டமாட்டார்கள். நெருக்கமாக அடைத்து வளர்க்கிற பண்ணைகளில்தான், ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே நுனியை எடுத்துவிடுவார்கள். பிறகு மற்றதெல்லாம் வரிசையாகக் கண்ணில் பட்டது. நடந்து தேயாததால் வளைந்து நீண்ட நகம். ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கும் பெரிய கொண்டை. கம்பியில் உரசி இறகு போன கழுத்து. கால்கள் வெளிறிப்போயிருந்தன. இந்த இனத்தில் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைக்குக் கால் நல்ல மஞ்சளாக இருக்கும். மாதக்கணக்கில் முட்டையிட்டால் அந்த மஞ்சள் கருவுக்குப் போய்விடும். அதாவது இவை முட்டையிடப் போகிற கோழிகள் இல்லை, இட்டு முடித்த கோழிகள். பண்ணைகளில் கபில நிற முட்டைக்கோழி நாலரை, ஐந்து மாதத்தில் முட்டைக்கு வரும். ஒன்றரை வயது தாண்டி முட்டை குறைந்ததும் மொத்தமாக இறைச்சிக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளியதை மலிவாக வாங்கி, ‘நாட்டு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

முட்டையும் அதைத்தான் சொன்னது. முதல் வாரம் நாளுக்கு மூன்று நான்கு கிடைத்தது, எனக்கு ஒரே சந்தோஷம். பெரிய பெரிய முட்டை, ஓடு மட்டும் மெல்லிசு. முதல்முறை இடும் பெட்டையின் முட்டை சின்னதாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் தெரிந்ததை நினைத்துப் பார்க்க மனம் விடவில்லை. இதில் வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த முட்டைகளை நான் நாட்டு முட்டை விலைக்கே இரண்டு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு போய் உண்மையைச் சொல்லிக் காசைத் திருப்பினேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள். இன்னொரு வீட்டு அக்கா, "கபில ஓடா இருந்திச்சே, நாட்டு முட்டைன்னுதானே நெனச்சேன்" என்றார். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. கூண்டில் அடைத்து வளர்த்த செங்கபிலக் கோழியும் கபில முட்டைதான் இடும். கடையில் நிறத்தைப் பார்த்து அதிக விலை கொடுக்கிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நடந்தது பண நட்டம். எட்டாம் நாள் ஒரு குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. குளிர் என்று நினைத்து அடுப்படியில் வைத்தோம், காலையில் இல்லை. அன்றைக்கே சேவல் தீனியைத் தொடவில்லை, எச்சம் பச்சையாகப் போனது. அடுத்த நாள் இரண்டு பெட்டைகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தன. நான்கு நாளில் சேவலும் ஆறு பெட்டையும் ஒன்பது குஞ்சும் முடிந்தன. லொறியில் வந்தவை ஒன்றுக்கும் தும்மல்கூட இல்லை.

அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்கு இறந்த ஒன்றைப் பைக்குள் பையாகக் கட்டி எடுத்துப் போனேன். ராணிக்கெட் என்றார் டொக்டர். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டதால் நியூகாசில் நோய் என்றும் சொல்வார்கள், ராணிக்கெட் வட இந்தியாவில் ஒரு மலை ஊரின் பெயர். வந்தபின் மருந்து கிடையாது, முன்கூட்டியே தடுப்பு மருந்து போடுவதுதான் வழி. "அப்ப அவங்க கோழிக்கு ஏன் வரல்ல டொக்டர்?" என்று கேட்டேன். "அதுகளுக்கு ஊசி போட்டிருக்கும். ஊசி போட்ட கோழி நோயைக் காட்டாம, எச்சத்தில கிருமியை வெளியே விடலாம். கூடையில ஒட்டியிருந்த அழுக்கிலயும் வந்திருக்கலாம்," என்றார். அந்த ஆட்கள் சொன்னதில் ஊசி ஒன்றுதான் உண்மை போலிருக்கிறது. அந்த உண்மையும் எங்களுக்கு உதவவில்லை.

எங்கள் பக்கத்திலும் பிழை உண்டு, மறைக்கவில்லை. கடைசியாக எப்போது தடுப்பு மருந்து போட்டோம் என்று டொக்டர் கேட்டபோது அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மருந்து வருவது நூறு கோழிக்கு மேல் போடக்கூடிய குப்பியில். ஐஸ் போட்டு எடுத்துவர வேண்டும், கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழிக்காக ஒரு குப்பியா என்று விட்டுவிட்டோம். நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போட்டால் வேலை முடிந்தது. இப்போது எங்கள் வரிசையில் அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். இன்னொன்று, வெளியிலிருந்து வரும் எந்தக் கோழியையும் குறைந்தது மூன்று வாரம் தனியாக வைத்திருக்க வேண்டும். தீனி வைப்பதும் அதற்குக் கடைசியாகத்தான், அதே செருப்போடு பழைய கூட்டுக்குள் போகக்கூடாது. நான் வாங்கிய அன்றைக்கு இரவே எல்லாவற்றையும் ஒரே கூட்டில் அடைத்தவள்.

செத்ததையெல்லாம் குத்தகைத் துண்டின் மூலையில் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். ஓடையில் வீசிவிடச் சொன்னவர்களும் இருந்தார்கள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவு, கீழ் டிவிஷன் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறது. சீக்கு விழுந்ததை அரை விலைக்கு வாங்கிக்கொள்வதாக ஒருவர் வந்தார். அவர் அதை எங்கே கொண்டுபோய் விற்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

துண்டுக் காகிதத்து நம்பருக்கு அழைத்தேன். முதல் தடவை எடுத்தார்கள். "சொண்டு வெட்டியிருக்கே" என்றதும், "அது முட்டையைக் கொத்தாம இருக்க நாங்களே வெட்டுறது" என்று கூசாமல் சொன்னார்கள். கோழிகள் செத்ததைச் சொன்னதும் துண்டித்துவிட்டார்கள். அதன்பின் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் முறையிடலாம், ஆனால் என்னிடம் பில் இல்லை, லொறி நம்பர் இல்லை, ஆட்களின் பெயரும் இல்லை. நீங்கள் வாங்கினால் லொறியின் நம்பர் தகட்டையாவது போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் கோழிகளில் மிச்சமானது மொட்டைக் கழுத்துப் பெட்டை ஒன்று. கழுத்து கொஞ்சம் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. குறுணலைக் குறி பார்த்துக் கொத்த இரண்டு தடவை தேவைப்படுகிறது. லொறிக்கோழிகளில் பத்து இருந்தன, அவை மார்ச் தொடக்கத்தில் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிட்டன. அதுகளைத் திட்டவும் மனம் வரவில்லை. ஒன்றரை வருடம் கம்பியில் நின்றுவிட்டு வந்து, இப்போதுதான் ஒன்றிரண்டு மண் குளிக்கப் பழகியிருக்கின்றன.

மார்ச் மாதச் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, கீழ் டிவிஷனிலிருந்து சித்தி அழைத்தார். "ஏய் புள்ள, நாட்டுக்கோழி லொறி வந்திருக்கு. ஆறு மாசமாம், ரெண்டாயிரமாம். வாங்கட்டா?"

"சித்தி, ஒன்னைக் கையில வாங்கி நேராப் புடிங்க. போன் லைட்ட அடிச்சி சொண்டப் பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒலிபெருக்கி மட்டும் கேட்டது.

"நுனிய காணோம்டி" என்றார் சித்தி. குறுக்கு வழியில் இறங்கி நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் லொறி கிளம்பிவிட்டது. அதற்குள் மூன்று வீட்டில் வாங்கியிருந்தார்கள்.