முதுகு ஊசிக்கு எந்த மரப்பு மருந்து?

“பல்லு பிடுங்குறப்ப போட்ட ஊசி ஒரு மணி நேரத்துல விட்டுப்போச்சு. எனக்கு நாள் பூரா நிக்கிற மருந்தாப் போடுங்க” என்றார் கானாடுகாத்தானிலிருந்து வந்த ஆச்சி. இடுப்பில் தொடங்கிக் கால் வரை இறங்கும் வலி. எடை 50 கிலோ. கண்டாங்கிச் சேலைச் சாயத்துக்கு ஆச்சியின் கணக்கு சரி, முதுகுத்தண்டு ஊசிக்குச் சரிப்படாது. இதில் நாள்கணக்கில் வேலை பார்ப்பது கூடவே போகும் ஸ்டீராய்டு. மரப்பு மருந்து வந்த காரியத்தை முடித்துவிட்டு, இருந்த இடத்தைக் கெடுக்காமல் கிளம்பினால் போதும்.

காரைக்குடியில் எங்கள் அலமாரியில் மூன்று இருக்கின்றன. லிக்னோகைன் (சைலோகைன் என்றால்தான் பலருக்குப் புரியும்) ஸ்வீடனில் பிறந்து 1948-ல் விற்பனைக்கு வந்தது. சில நிமிடத்தில் மரக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் விடும். 1957-ல் உருவான புபிவகைன் தொடங்கத் தாமதிக்கும், ஆனால் நான்கு முதல் எட்டு மணி நேரம் நிற்கும். ரோபிவகைன் அதன் தம்பி, 1990களில் புழக்கத்துக்கு வந்தது. இதயத்துக்கு உறுத்தல் குறைவு, காலைக் கட்டிப்போடுவதும் குறைவு. விலைதான் கொஞ்சம் கூட.

எதைக் குத்துகிறோம் என்பதைவிட எங்கே குத்துகிறோம் என்பது முக்கியம். தசையிலிருந்து தொடங்குவோம். முதுகுத் தசையில் முடிச்சுப் பிடித்த இடத்தில் போடும் ஊசிக்குப் புபிவகைனை நான் தொடுவதே இல்லை. தசை எப்படி அழிந்து மறுபடி வளர்கிறது என்று பார்க்க, ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே தசை நாரைச் சிதைக்கப் பயன்படுத்தும் மருந்தே அதுதான். நார் சில வாரங்களில் திரும்ப வளர்ந்துவிடும், சரி. ஆனாலும் வலிக்கு வந்தவருக்கு அந்தச் சோதனை எதற்கு? நீர்த்த லிக்னோகைனே போதும்.

அடுத்து முதுகெலும்பின் சின்ன மூட்டுகள். உள்ளே குருத்தெலும்பு இருக்கிறது, கொள்ளளவு ஒன்று, ஒன்றரை மில்லிதான். தோள்பட்டை மூட்டுக்குள் குழாய் வைத்து இரண்டு மூன்று நாள் தொடர்ந்து புபிவகைன் போன்ற மருந்துகளைச் செலுத்தியதில் குருத்தெலும்பு கரைந்துபோனதால், 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. ஒரே ஊசிக்கும் நாள்கணக்கில் ஓடும் குழாய்க்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அடர்த்தியும் நேரமும் ஏற ஏறக் குருத்தெலும்புச் செல்கள் சாவது ஆய்வுக்கூடத்தில் மூன்று மருந்துக்குமே தெரிகிறது. லிக்னோகைனும் சாது இல்லை. மூன்றில் மெதுவாகக் கடிப்பது 0.5 சதவீத ரோபிவகைன். மூட்டுக்குள் என்றால் என் ஓட்டு அதற்கே.

புபிவகைன் ஜெயிக்கும் இடமும் உண்டு. மூட்டுக்குள் போகாமல், அதன் வலியைக் கொண்டுபோகும் நரம்பின்மேல் அரை மில்லி மட்டும் விட்டு, வலி அங்கிருந்துதானா என்று சோதிப்போம். ஒரு நாள் லிக்னோகைன், இன்னொரு நாள் புபிவகைன். முதலில் கொஞ்ச நேரமும் இரண்டாவதில் அதிக நேரமும் வலி விட்டால் சந்தேகம் தீர்ந்தது. அப்போது அந்த நீண்ட நேரமே நமக்குச் சாட்சி.

ஆச்சிக்குப் போட வேண்டியது நரம்பு வெளியேறும் துவாரத்தின் அருகில். இங்கே ரோபிவகைன் சறுக்குகிறது. பக்கத்திலேயே தண்டுவடத்துக்குப் போகும் மெல்லிய தமனி இருக்கலாம், துகள் போய் அதை அடைத்தால் ஆபத்து என்பதால், துகள் இல்லாத டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத்தான் எடுக்கிறோம். அது காரத்தன்மை உள்ளது. காரம் சேர்ந்தால் ரோபிவகைன் கரைசலில் தங்காது, படிகமாகப் பிரியும். துகளுக்குப் பயந்து தெளிந்த ஸ்டீராய்டை எடுத்து, சிரிஞ்சிலேயே துகளை உண்டாக்கினால் என்ன லாபம்?

அப்போது மிச்சம் லிக்னோகைனும் புபிவகைனும். முதலில் லிக்னோகைன். அதன் பேரிலும் கறை உண்டு. 1991-ல் மெல்லிய குழாய் வழியாகத் தண்டுவட நீருக்குள் விட்ட 5 சதவீத லிக்னோகைன் ஒரே இடத்தில் தேங்கி, தண்டுவடத்தின் கீழ்நுனியிலிருந்து குதிரை வால் மாதிரி இறங்கும் நரம்புகளைப் பாதித்தது. நாங்கள் எடுப்பது 1 சதவீதம், ஒரு மில்லி. அதாவது 10 மில்லிகிராம். ஆச்சியின் எடைக்கு உச்ச அளவு 225. இன்னொன்று, குப்பியைத் திருப்பி லேபிளைப் படிக்க வேண்டும். பலமுறை எடுக்கும் 30 மில்லி குப்பியில் மெத்தில்பாரபென் என்ற பதப்படுத்தி இருந்தால் அது தோலுக்கு ஆகும், முதுகுத்தண்டுக்கு ஆகாது. அது கலக்காத, ஒருமுறை மட்டும் எடுக்கும் ஆம்பூல்தான் வேண்டும். கை அவசரத்தில் பெரிய குப்பியை நீட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஆச்சி வீட்டு வாசலை யோசித்தேன். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏழெட்டுப் படி, உள்ளே கட்டுக்குக் கட்டு நிலைப்படி, கீழே வழுவழு ஆத்தங்குடிக் கல். புபிவகைன் போட்டு எட்டு மணி நேரம் கால் தளர்ந்தால் அங்கே என்ன ஆகும்? லிக்னோகைனையே எடுத்தேன்.

ஊசி முடிந்து ஒரு மணி நேரம் உட்காரவைத்து, இரண்டு காலையும் தூக்கிக் காட்டச் சொன்னேன். தூக்கினார். எழுந்து நாலடி நடந்தவர் நின்று திரும்பினார்.

“காலு மரக்கவே இல்லையே, மருந்து போட்டீகளா இல்லையா?”