காவலூர் மலையா, கணினித் திரையா?

வேலூரில் வானியல் ஆர்வம் கொண்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. வாணியம்பாடி வழியாக ஜவ்வாது மலை ஏறி, 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூருக்குச் செல்லலாம். அந்தச் சிலிர்ப்புக்கு ஈடில்லை, ஆனால் அங்கே நாம் பார்வையாளர்கள் மட்டுமே.

2007இல் தொடங்கிய கேலக்ஸி ஜூ என்ற இணையத் திட்டமோ நம்மை வேலையில் அமர்த்துகிறது. திரையில் ஒரு விண்மீன் மண்டலத்தின் படம் தோன்றும். அது முட்டை போல வழவழப்பாக இருக்கிறதா, சுருள் கரங்கள் தெரிகின்றனவா என்று சொல்ல வேண்டும். மங்கலான படத்தில் ஒரு மெல்லிய கீற்றைக் கரம் என்பதா, விடுவதா என்று நெடுநேரம் தயங்க நேரிடும். எனினும் ஒரே படத்தைப் பலர் பார்ப்பதால், ஒருவரின் பிழை மற்றவர்களின் தீர்ப்பில் கரைந்துவிடும். ஹானி வான் ஆர்க்கெல் என்ற டச்சு ஆசிரியை விசித்திரமான ஒளிமேகம் ஒன்றைக் கண்டுபிடித்தது இப்படிப் படங்களைப் பார்க்கும்போதுதான். மலைமீது மேகம் கவியும் ஐப்பசி, கார்த்திகையில் மாணவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.