விபத்துப் பிரிவில் ஒரு நள்ளிரவு: கொழும்பு அரச வைத்தியசாலையொன்றின் தலைக்காயச் சிகிச்சை

வெள்ளவத்தையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த என் தம்பி தானாகவே எழுந்து நின்று பேசினான். அதனால் முதலில் சென்ற தனியார் சிகிச்சை நிலையத்தில் காயத்துக்குத் தையலிட்டு, பனடோல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலையில் அடிபட்டவரைச் சில மணிநேரம் கண்காணிக்க வேண்டும் என்று அங்கு எவரும் சொல்லாததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. இரண்டு மணிநேரத்தில் அவன் வாந்தியெடுத்து, எழுப்பினாலும் எழாமல் உறங்கத் தொடங்கினான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் வந்த சுவசெரிய இலவச அம்புலன்ஸ் எங்களை அரச வைத்தியசாலையின் விபத்துப் பிரிவுக்குக் கொண்டு சேர்த்தது.

அங்கு தாதியர் அரைமணிக்கொரு தடவை அவனைக் கூப்பிட்டு, கை கால்களை அசைக்கச் சொல்லி, கண்மணிகளில் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார்கள். சி.ரி. ஸ்கானில், பொட்டெலும்பு உடைந்து, அதன் உட்புறத்தை ஒட்டியோடும் இரத்த நாடி கிழிந்து, எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையில் இரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது. சற்று நேரத்தில் வலக் கண்மணி விரிந்தது, இடக்கை தளர்ந்தது, குருதி அழுத்தம் ஏற ஏற நாடித்துடிப்புக் குறைந்தது. மண்டையோடு விரிந்து கொடுக்காது என்பதால், தேங்கிய இரத்தம் மூளையின் ஒரு பகுதியைக் கீழ்நோக்கித் தள்ளி, கண்ணுக்குச் செல்லும் நரம்பை நசுக்குகிறது என்றும், அடுத்ததாக மூச்சை இயக்கும் மூளைத்தண்டு நசுங்கும் என்றும் வைத்தியர் விளக்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்தி, மனிற்றோல் என்ற மருந்தை ஏற்றி, மூச்சுக்குழாய் செலுத்தினார்கள். மனிற்றோல் வீக்கத்தைத் தணித்துச் சிறிது அவகாசமே பெற்றுத் தரும், தேங்கிய இரத்தக் கட்டியை அகற்றுவதே சிகிச்சை என்றார். உடனடியாகச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டு சென்றார்கள்.

குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். சம்மதப் பத்திரத்தை அம்மாவுக்குச் சிங்களத்திலேயே வாசித்துக் காட்டினார்கள். அவ்வழியாக வந்த சிற்றூழியர் ஒருவர்தான் தமிழில் சொல்லிப் புரியவைத்தார். தமிழும் அரச கரும மொழியென 1987இலேயே அரசியலமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. மகனின் மண்டையோட்டைத் திறக்கக் கையெழுத்திடும் தாய்க்கு அம்மொழியில் விளக்கம் கிடைக்காமல் இருப்பது சிறிய குறையன்று.

அறுவைச் சிகிச்சைக்கும் அதிதீவிர சிகிச்சைக்கும் எங்களிடம் கட்டணம் கேட்கப்படவில்லை. கிளினிக் நாட்களில் காலையிலேயே சென்று வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஸ்கான் படங்களை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். தம்பி இப்போது நடக்கிறான், பேசுகிறான். பெயர்கள் மட்டும் சில வேளைகளில் நினைவுக்கு வரத் தாமதமாகின்றன.